கயிறு பிடித்து நின்றவன் காதுக்கு யார் பொறுப்பு?

கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஆண்டு விழாக் குழுவினருக்கும்,

இந்த ஆண்டு விழாவில் ஒலி அளவுக்கு வரம்பு எதுவும் வைக்கப் போவதில்லை என்று நீங்கள் முடிவெடுத்திருப்பதைச் சொல்லும் கடிதம் கிடைத்தது. நான்கே வரி. மாணவர்கள் விரும்பித்தான் கேட்கிறார்கள், ஆண்டுக்கு ஒருநாள்தானே, இதுவரை யாரும் புகார் தரவில்லை, நாள் முழுக்க இயர்போன் மாட்டிக்கொண்டு திரிபவர்களின் காதுக்கு விழாவைக் குறை சொல்வது நியாயமில்லை. இந்த நான்கில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. தனியாக எழுதிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதால் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் கல்லூரியின் பெயரைப் போடவில்லை. போட்டால் விஷயம் உங்களோடு நின்றுவிடும். இதே நான்கு வரியை எழுதக்கூடிய நிர்வாகங்கள் நிறைய இருக்கின்றன.

செவித்திறன் பரிசோதனை செய்வது என் தொழில். முன்பெல்லாம் என் அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அல்லது பேச்சு வராத குழந்தைகளோடு வரும் பெற்றோர்கள். இப்போது இருபது வயதுக்காரர்கள் வருகிறார்கள். அதுவும் விழாக் காலத்தில் திங்கட்கிழமைகளில் வருகிறார்கள். ஏன் திங்கட்கிழமை என்று நான் கேட்பதில்லை.

உங்கள் மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியும் எதையும் எழுதவில்லை. சென்ற ஆண்டு விழாவில் அவர் தன்னார்வலர். கழுத்தில் அட்டை போட்டு, மேடைக்கு முன்னால் கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றின் ஒரு முனையை அவரிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவருக்கு வலப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஆளுயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர்கள். டிஜே தொடங்கியதிலிருந்து முடியும்வரை, ஏறக்குறைய மூன்று மணி நேரம், அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. பாட்டை ரசித்தாரா என்று கேட்டேன். "மேடைக்கு முதுகைக் காட்டிட்டு நின்னேன் மேடம், கூட்டம் தள்ளிடாம பாத்துக்கிட்டேன்" என்றார். உங்கள் கடிதத்தின் முதல் வரிக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அவர் விரும்பிக் கேட்கவில்லை. நீங்கள் நிறுத்திய இடத்தில் நின்றார்.

அன்றிரவு வலக்காதில் பஞ்சு அடைத்தது போல இருந்திருக்கிறது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். மறுநாள் அடைப்பு கொஞ்சம் விலகியது; அதற்குப் பதில் "கொய்ங்" என்று ஒரே சுருதியில் ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. என்னிடம் வந்தபோது அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இரவில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றார்.

அவருடைய ஆடியோகிராமை, அதாவது எந்தச் சுருதியில் எவ்வளவு மெல்லிய ஒலிவரை காதுக்குக் கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, உங்களுக்குச் சொற்களில் வரைந்து காட்டுகிறேன். அதில் கோடு கீழே இறங்கி டெசிபல் எண் கூடினால் செவித்திறன் குறைவு என்று பொருள். 250 ஹெர்ட்ஸ் முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை கோடு மேலேயே, 10 டெசிபல் பக்கத்தில், நேராகப் போகிறது; அந்த வயதுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். 3000-இல் இறங்கத் தொடங்குகிறது. 4000-இல் 50 டெசிபலுக்குச் சரிகிறது. 8000-இல் மறுபடி 20-க்கு ஏறிவிடுகிறது. நடுவில் ஒரு பள்ளம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் முதலில் கேட்கும் கேள்வி, "எங்கே, எவ்வளவு சத்தத்தில் இருந்தீர்கள்?" என்பதுதான். முதுமையில் வரும் செவித்திறன் குறைவு வேறு மாதிரி இருக்கும். 8000 பக்கம் போகப் போகக் கோடு இறங்கிக்கொண்டே போகும், திரும்பி ஏறாது. 4000-இல் பள்ளம் விழுவதற்குக் காரணம் காதின் அமைப்பு. காதுத் துளையின் நீளமும் வடிவமும் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தாமாகவே பத்துப் பதினைந்து டெசிபல் கூட்டி உள்ளே அனுப்புகின்றன. அடி விழுவது அதற்குச் சற்று மேலே.

உள்காதில் காக்லியா என்னும் நத்தை வடிவச் சுருள் இருக்கிறது. ஒரு காதுக்குச் சுமார் 15,500 நுண்மயிர்ச் செல்கள். அவற்றில் ஏறக்குறைய 12,000 செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருபவை. மீதி 3,500 கேட்டதை நரம்புக்குக் கொண்டுசேர்ப்பவை. நாம் பிறக்கும்போது இருப்பது அவ்வளவுதான். பறவைகளுக்கு இந்தச் செல்கள் செத்தாலும் மறுபடி முளைக்கின்றன என்று 1980களின் பிற்பகுதியில் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு முளைப்பதில்லை. அந்த மாணவருக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்தார். சில வாரங்களில் 50 டெசிபல் 35-க்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. இரைச்சல் போகவில்லை. ச, ஷ, ஃப போன்ற ஒலிகள் உயர் அதிர்வெண்ணைச் சார்ந்தவை என்பதால், வகுப்பில் மின்விசிறி ஓடும்போது, நாலு பேர் சேர்ந்து பேசும்போது, சொல் கேட்கிறது, என்ன சொல் என்று பிடிபடுவதில்லை. தனியறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகப் பேசுகிறார். அதனால் இவருக்கு என்ன குறை என்று பேராசிரியர்களுக்குத் தோன்றுவது இயல்புதான்.

இன்னொன்றும் அவர் சொன்னார். உங்கள் பட்டறையில் கிரைண்டர் பக்கத்தில் "காதுக் கவசம் கட்டாயம்" என்று சிவப்பு எழுத்தில் பலகை இருக்கிறதாம். ஒருமுறை மாட்டாமல் நின்றதற்கு அவருக்குச் செய்முறை மதிப்பெண்ணில் குறைத்தார்களாம். சரியான காரியம். அதே வளாகத்தில், அதே மாணவனை, கிரைண்டரைவிட அதிகம் சத்தம் போடும் பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் காதோடு மூன்று மணி நேரம் நிறுத்தியதும் அதே நிர்வாகம்தான்.

எவ்வளவு சத்தம்? அவருடைய நண்பர் ஒருவர் கயிற்றுக்குச் சற்றுப் பின்னால் நின்று ஃபோன் செயலியில் அளந்து வைத்திருந்தார். 106 டெசிபலைச் சுற்றியே ஊசி ஆடியது. ஃபோன் அளவீடு துல்லியமானதல்ல, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று டெசிபல் கூடக் குறைய இருக்கட்டும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தொழிலாளர்களுக்கு வகுத்த கணக்கில், 85 டெசிபலில் ஒருநாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் ஒரு மணி, 100-இல் கால் மணி. 106-க்கு வரும்போது 4 நிமிடம்கூட இல்லை. உங்கள் தன்னார்வலர் முதல் பாட்டு முடிவதற்குள் அன்றைய பங்கைத் தீர்த்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உபரி.

தொழிற்சாலைக் காதுகளுக்கு இந்த வரம்பு சும்மா வந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் 1886-இல் கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரின் காதுகளைச் சோதித்து, ஒருவருக்குக்கூடச் செவித்திறன் முழுமையாக இல்லை என்று எழுதினார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் முதலாளிகள் உங்கள் கடிதத்தில் இருப்பதைப் போன்ற பதில்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் புகார் தரவில்லை என்கிறீர்கள். எப்படித் தருவார்கள்? சத்தத்தால் காது கெடும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி தொடங்குவது 120, 130 டெசிபல் பக்கம். கேடு அதற்கு வெகு கீழேயே தொடங்கிவிடுகிறது. விழா முடிந்து அடைத்த காது ஒன்றிரண்டு நாளில் திறந்துகொண்டால் போயிற்று, மறந்துவிடுகிறார்கள். திறந்துகொண்டது முழுக்கத் திறந்ததுதானா என்பதுதான் கேள்வி. 2009-இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளுக்குப் பெரும் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாள்களில் கேட்கும் அளவு பழைய நிலைக்கே திரும்பியது. நுண்மயிர்ச் செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில் சில பகுதிகளில் பாதி வரை அழிந்துபோயிருந்தன, அவை மீளவில்லை. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது, கூட்டத்தில்தான் பேச்சு புரியவில்லை" என்று சொல்லும் இளைஞர்களைப் பார்க்கும் எவரும் அந்த ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. புகார் இல்லை என்பது கேடு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இயர்போனுக்கு வருகிறேன். அதில் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 12 முதல் 35 வயதுக்குள் இருக்கும் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தவறான கேட்கும் பழக்கத்தால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள். நடுத்தர, உயர் வருமான நாடுகளின் இளையோரில் ஏறக்குறைய பாதிப் பேர் இயர்போனிலும் ஹெட்போனிலும் ஆபத்தான அளவில் கேட்கிறார்கள் என்று அது 2015-இல் சொன்னது. அதே அறிக்கை, சுமார் 40 சதவீதம் பேர் கேளிக்கை இடங்களில் காதைக் கெடுக்கும் ஒலிக்கு ஆளாகிறார்கள் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

இயர்போன் குறித்து என் அறைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பேசுகிறேன். வண்டிச் சத்தத்தை அமுக்க ஒலியைக் கூட்டாதே, வெளிச்சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் இருந்தால் அதைப் போடு, தூங்கும்போது கழற்றிவிடு என்பேன். கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். அங்கே ஒலியைக் கூட்டும் குறைக்கும் விரல் அவர்களுடையது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற வரம்பை உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்திருக்கின்றன. பல ஃபோன்கள் அதைக் கணக்கு வைத்து, தாண்டினால் எச்சரிக்கின்றன. அந்த வாரக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 20 நிமிடத்தை ஒட்டித்தான். ஆக, பையில் இருக்கும் ஃபோன் எச்சரிக்கிறது. உங்கள் அரங்கம் எச்சரிப்பதில்லை. ஃபோனில் கவனமாக இருக்கும் மாணவனின் ஒரு வாரப் பங்கையும் உங்கள் அரங்கம் ஒன்றிரண்டு பாட்டு நேரத்தில் காலி செய்துவிடுகிறது. "ஆண்டுக்கு ஒருநாள்தானே" என்பதற்கும் இதுவே பதில். துறை விழா, விடுதி விழா, வரவேற்பு விழா, பிரிவு விழா எல்லாம் சேர்த்தால் ஒருநாள் என்பதே கணக்கில் உதைக்கும். அதைப் பெரிதாக்க விரும்பவில்லை.

விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு வேண்டாம், ஆட்டம் வேண்டாம் என்று சொல்லும் ஆளும் நான் இல்லை. நான் கேட்பதில் உங்கள் மாணவர்களுக்கு இழப்பு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஒலியை 3 டெசிபல் குறைத்தால் காதில் விழும் ஆற்றல் பாதியாகிறது. ஆடிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் வித்தியாசத்தைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். 6 டெசிபல் குறைத்தால் கால்வாசி. சத்தம் பாதியாகிவிட்டதாகத் தோன்றவே 10 டெசிபல் அளவுக்குக் குறைய வேண்டும். நெஞ்சுக்கூடு அதிர்வது பேஸ் என்னும் தாழ்ந்த சுருதி ஒலியால். காதை முதலில் தின்பது அதற்கு வெகு மேலே, 2000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை உள்ள கூர்மையான பகுதி. விவரம் தெரிந்த ஒலி அமைப்பாளர் அதிர்வை வைத்துக்கொண்டு கூர்மையைத் தணிக்க முடியும். தணிக்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். (ஒலி அமைப்பாளரின் காதையும் நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் இந்த வேலையில் இருந்து தேய்ந்த காதுக்குக் கூர்மையான பகுதி குறைவாகத்தான் கேட்கும். அவர் இன்னும் கூட்டுவார். நேரம் ஆக ஆக எல்லோர் காதும் மந்தமாவதால், முடியும் நேரத்தில் ஒலி தொடங்கியதைவிட ஏறித்தான் இருக்கும். ஒலியை அளக்கும் அளவுமானி இல்லாமல் காதை நம்பி ஓட்டும் அரங்கில் இதைத் தடுக்க வழியே இல்லை.)

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்பீர்கள். பிரான்ஸில் 2017-இல் வந்த அரசாணை, இசை நடக்கும் இடங்களில் 15 நிமிடச் சராசரி 102 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. சுவிட்சர்லாந்தில் 100 டெசிபல் ஒரு மணி நேரச் சராசரி வரம்பாக இருக்கிறது. 93-ஐத் தாண்டும் நிகழ்ச்சிகளில் காதடைப்பான் இலவசமாகத் தர வேண்டும். அங்கெல்லாம் இசை செத்துவிடவில்லை. 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அரங்குகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் என்றே ஒரு தரநிலையை வெளியிட்டது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, அளவை நேரலையாகக் கண்காணிக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும், ஒதுங்கி இளைப்பாற அமைதியான இடம் வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும். மேடையில் நிற்பவர்களே இதை நமக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். கோல்ட்ப்ளே என்னும் பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் தமக்குக் காது இரைச்சல் இருப்பதையும், அடைப்பான் அணிந்துதான் பாடுவதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அழைக்கும் டிஜேக்களும் காதில் ஏதோ வைத்திருப்பார்கள், பாருங்கள்.

இனி நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தன்னார்வலர்கள். கயிறு பிடிப்பவர், மேடையடியில் நிற்பவர், காவலர், ஒளிப்படம் எடுப்பவர் எல்லோரும் அன்றைக்கு உங்கள் பணியாளர்கள். பட்டறைக்கு வைத்த விதியை அவர்களுக்கும் வையுங்கள். காதுக் கவசம் இல்லாமல் ஒருவரும் ஸ்பீக்கர் பக்கம் நிற்கக்கூடாது. கவசம் இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மற்றது எதையும் செய்யாவிட்டாலும் இதை இந்த ஆண்டே செய்தாக வேண்டும்.

ஒலி அமைப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபல் என்ற வரம்பை எழுத்தில் சேருங்கள். ஒலி அமைப்பாளர் உட்காரும் கலவை மேசைக்குப் பக்கத்தில் மட்டும் அளந்தால் போதாது. பார்வையாளர் போகக்கூடிய இடங்களில் எங்கே சத்தம் அதிகமோ அந்த இடத்துக்கு அந்த வரம்பு பொருந்த வேண்டும். தரப்படுத்திய அளவுமானி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அதன் எண்கள் அமைப்பாளருக்கும் கூட்டத்துக்கும் தெரியும்படி திரையில் ஓடட்டும். அதைப் பார்த்துக் குறைக்கச் சொல்லும் அதிகாரம் விழாக் குழுவில் பெயர் சொல்லி ஒருவருக்கு இருக்கட்டும். ஸ்பீக்கர்களைத் தரையில் காது மட்டத்தில் அடுக்காமல் உயரே தொங்கவிடச் சொல்லுங்கள். முன்னால் மூன்று மீட்டருக்காவது யாரும் வர முடியாதபடி தடுப்பு வையுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் இறங்கும். மூடிய அரங்கில் அவ்வளவு இறங்காது. நீங்கள் இந்த ஆண்டு விழாவை மூடிய அரங்குக்கு மாற்றுவதாகக் கேள்விப்பட்டதும் நான் பதறியதற்குக் காரணம் அதுதான்.

நுழைவாயிலில் காதடைப்பான்கள் இலவசமாக வையுங்கள். வைத்துவிட்டுப் போனால் போதாது. நுரை அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்தி வைக்க வேண்டும் என்று காட்டித்தர ஒருவர் நிற்க வேண்டும். பஞ்சும் காகிதக் கைக்குட்டையும் பேருக்குத்தான். அரங்கை ஒட்டி ஓர் அமைதியான அறை திறந்திருக்கட்டும்.

முதலாமாண்டில் சேரும் எல்லோருக்கும் ஒரு செவித்திறன் பரிசோதனை, இறுதியாண்டில் இன்னொன்று. 3000, 4000, 6000 ஹெர்ட்ஸ் மூன்றும் அதில் இருக்க வேண்டும். மேலோட்டமான பரிசோதனைகளில் இவற்றில் ஏதாவது விடுபட்டுப்போவதைப் பார்க்கிறேன். விழாவுக்குப் பின் காது அடைப்போ இரைச்சலோ மறுநாளும் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போகும்படி எல்லா மாணவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நாள் கடந்தால் மருந்து வேலை செய்யும் வாய்ப்பு குறையும்.

சென்ற ஆண்டு உங்கள் கயிற்றைப் பிடித்து நின்றவருக்கு இதுவரை ஆன மருத்துவச் செலவையும், இனி ஆகப்போவதையும் கல்லூரி ஏற்க வேண்டும். வகுப்பில் பேராசிரியரின் முகம் தெரியும்படி முன் இருக்கையும், பாடக் குறிப்புகள் எழுத்திலும் அவருக்குக் கிடைக்க வேண்டும். இவற்றை அவர் தாமாக வந்து கேட்டால் அவர் மதிப்பெண்ணில் கைவைப்பீர்களோ என்று பயப்படுகிறார். அந்தப் பயம் தேவையற்றது என்பதையும் அவருக்கு எழுத்தில் தர வேண்டும்.

ஒலி அமைப்பாளரோடு இந்த ஆண்டுக்கான ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று அறிகிறேன். கையெழுத்தாவதற்கு முன் இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். விழாவன்று அளவுமானியோடு வந்து கட்டணமில்லாமல் அளந்து தரவும், தன்னார்வலர்களுக்கு முன்கூட்டியே ஒரு மணி நேரம் பயிற்சி தரவும் தயாராக இருக்கிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவித்திறன் பரிசோதகர்